துண்டு போட்டு வைத்த மெமரி

எங்கள் மேலாளர் கருத்தரங்குக்குப் போகிறார் என்றாலே எங்களுக்கு வேலை கூடப் போகிறது என்று அர்த்தம். அங்கே அவர் சாப்பிட்டதும் கைகுலுக்கியதும் அவரோடு போய்விடும். காதில் வாங்கியது மட்டும் எங்கள் தலையில் வந்து விடியும். போன முறை திரும்பி வந்தபோது, இருக்கிற கம்ப்யூட்டர்களை எல்லாம் 'கிளவுட்' என்கிற மேகத்துக்கு ஏற்றிவிடலாம் என்று குதித்தார். ஏற்றுவதற்கு என்ன ஆகும் என்று கணக்குப் பிரிவிலிருந்து சொன்னதும் மேகம் கலைந்துவிட்டது. இந்த முறை அவர் கொண்டுவந்தது பெரிய பக்கங்கள்.

நான் வேலை பார்ப்பது ஓர் ஆஸ்பத்திரியில். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. அதனால் என்னை அங்கே யாருக்கும் தெரியாது. தரைத்தளத்தில் சலவைக்கூடத்துக்கும் லிஃப்ட் மோட்டார் அறைக்கும் நடுவில் ஜன்னல் இல்லாத ஒரு சர்வர் அறை. இந்தப் பக்கம் சுவரைத் தொட்டால் சுடும், அந்தப் பக்கம் தொட்டால் அதிரும், உள்ளே குளிர் எலும்பைப் பிடிக்கும். வருஷம் முழுக்க ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னோடு இன்னொருவர் உண்டு. கம்ப்யூட்டரில் இருப்பதற்கெல்லாம் நகல் எடுத்து வைப்பது அவர் வேலை என்பதால் அவர் பெயரே 'பேக்கப்' ஆகிவிட்டது. சண்டை என்று வந்தால் எனக்குப் பின்னால் நிற்பார். ரொம்பப் பின்னால்.

மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் மின்னல். எது கேட்டாலும் மின்னல் வேகத்தில் வேண்டும் என்பார். லீவு கேட்டால் மட்டும் கையெழுத்து நிதானமாக வரும்.

இந்தப் பக்கங்கள் விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன், தலையைச் சுற்றாது. எங்கள் அறையில் இருப்பது ஒரே ஒரு பெரிய இரும்பு மெஷின். அதற்குள் பல கம்ப்யூட்டர்கள் குடியிருக்கின்றன, ஒரே வீட்டைத் தடுத்துத் தடுத்துப் பல குடித்தனம் வைத்த மாதிரி. மருந்தகத்துக்கு ஒன்று, பரிசோதனைக்கூடத்துக்கு ஒன்று, கேன்டீனுக்குக்கூட ஒன்று. ஒவ்வொன்றும் தான்தான் வீட்டுக்கே ஓனர் என்று நினைத்துக்கொண்டிருக்கும். மெய்நிகர் கணினி என்று புத்தகத்தில் எழுதுவார்கள், நாங்கள் வி.எம். என்போம். இந்தக் குடித்தனக்காரர்களுக்கு மெஷினின் மெமரியைச் சின்னச் சின்னப் பக்கங்களாகக் கிழித்துக் கொடுப்பதுதான் வழக்கம். எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று மெஷின் ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கும். பக்கம் பெரிதாக இருந்தால் எண்ணிக்கை குறையும், தேடுகிற நேரம் மிச்சமாகும். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் பெரிய பக்கத்துக்கு ஒட்டினாற்போல ஒரே இடத்தில் இடம் வேண்டும். மெஷின் ஓடத் தொடங்கி ஆளாளுக்கு அங்கங்கே உட்கார்ந்த பிறகு அப்படிச் சேர்ந்தாற்போல இடம் கிடைக்காது. அதனால் மெஷினைப் போட்டதும் போடாததுமாக, பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பது போலப் பிடித்து வைத்துவிட வேண்டும். அப்படித் துண்டு போட்ட இடத்தில் வேறு யாரும் உட்கார முடியாது. துண்டுக்கு உரியவர் வராமலே போனாலும் முடியாது.

"முக்கால்வாசி இடத்தைப் பிடிச்சு வெச்சுடுங்கம்மா, டைரக்டர் மேடத்தோட மெஷினுக்கு," என்றார் மின்னல்.

டைரக்டர் மேடம் ஆஸ்பத்திரியின் தலைமை. அவர் மெஷின் செய்கிற வேலை, எத்தனை படுக்கை நிரம்பியிருக்கிறது, எவ்வளவு வரவு என்பதை வண்ண வண்ணப் படமாகப் போட்டுக் காட்டுவது. காலையில் காபியோடு ஒரு தடவை பார்ப்பார். பச்சையாக இருந்தால் காபியைக் குடித்து முடிப்பார்.

"முக்கால்வாசியையும் ஒருத்தருக்கே கொடுத்துட்டா மத்தவங்க எங்க சார் போவாங்க?"

"அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்க."

இந்த உலகத்தில் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொல்லப்படுகிறவர்கள் எப்போதும் ஒரே ஆட்களாகத்தான் இருக்கிறார்கள் என்பதை அப்போதே கவனித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினை நிறுத்தி, துண்டு போட்டு, மறுபடி ஓட விட்டேன். என் பக்கத்து வேலை முடிந்தது. டைரக்டர் வி.எம். அந்த இடத்தில் போய் உட்காருவதற்கு அதன் செட்டிங்கில் ஒரு டிக் போட வேண்டும். அதை நான் செய்யப் போனபோது மின்னல் தடுத்துவிட்டார்.

"அதை நானே போடறேன். கத்துக்கிட்டது மறக்கறதுக்குள்ள கை பழகணும்."

போட்டார். ஏதோ கப்பலைக் கடலில் இறக்கியவர் போல எழுந்து நின்று எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். மெமரி பற்றாமல் போனால் மெஷின் தானாகவே யாராவது ஒரு குடித்தனக்காரரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும். அந்த ஆபத்து டைரக்டர் வி.எம்.முக்கு மட்டும் வரவே கூடாதாம். அதற்கும் ஒரு காப்பு கட்டி வைத்தேன்.

திங்கட்கிழமை முதல் ஆகா ஓகோதான். "பறக்குது," என்றார் டைரக்டர் மேடம். மேடம் பறக்கிறது என்ற பிறகு மற்றவர்களுக்கு ஊர்வதாகத் தெரியுமா? கணக்குப் பிரிவு பறக்கிறது என்றது. டைரக்டர் வி.எம்.மைத் திறந்தே பார்க்காத எலும்பு டாக்டர் ஒருவர், லிஃப்டில் மின்னலைப் பார்த்து, பழைய மாதிரி இல்லை சார், சும்மா பறக்கிறது என்றார். மின்னல் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் அவருக்குப் பழக்கமில்லாததால் கழுத்து சுளுக்கியிருக்கும்.

அதே வாரத்தில் கேன்டீன்காரர் பில் வர நேரமாகிறது என்றார். பரிசோதனைக்கூடத்தில் இழுவை இழுவை என்றார்கள். மூன்றாவது மாடியில் கேமரா அடிக்கடி நின்று நின்று வருகிறதாம். மூன்று புகாரையும் மின்னலிடம் கொண்டுபோனேன். "பெரிய மாற்றம் வரும்போது சின்னவங்களுக்குக் கொஞ்சம் சிரமம் இருக்கத்தாம்மா செய்யும்," என்றார். கருத்தரங்கில் இதையும் கொடுத்திருப்பார்கள் போல.

கேன்டீனும் பரிசோதனைக்கூடமும் எப்படியோ போகட்டும். மூன்றாவது மாடிக் கேமராதான் என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மூன்றாவது மாடியில் இருப்பது குறைமாதக் குழந்தைகள் வார்டு. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் என் தங்கை பெற்ற பெண் கிடக்கிறாள்.

நாள் கணக்குக்கு ரொம்ப முன்னாலேயே பிறந்துவிட்டாள். அறுத்து எடுத்த கையோடு பெட்டிக்குள் கொண்டுபோய்விட்டார்கள். தங்கை அரை மயக்கத்தில் பார்த்தது ஒரு பாதத்தை மட்டும்தான். அப்புறம் குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று நீல விளக்கின் அடியில் போட்டு, வெளிச்சம் படாமல் கண்ணைக் கட்டி வைத்தார்கள். இதற்கு நடுவில் தங்கைக்குக் காய்ச்சலும் இருமலும் வந்து, அது அவள் புருஷனுக்கும் ஒட்டிக்கொண்டது. இருமல் இருப்பவர்களை அந்த வார்டு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அம்மாவாக இருந்தாலும் சரி. பெரியம்மாவான எனக்கு முதலிலிருந்தே அனுமதி இல்லை. ஆக, எங்கள் வீட்டில் யாரும் இன்னும் அந்தக் குழந்தையின் கண்ணைப் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட அம்மாக்களுக்காகத்தான் ஒவ்வொரு பெட்டிக்கு மேலும் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். சத்தம் கேட்காது, படம் மட்டும் வரும். வீட்டிலிருந்து போனில் பார்த்துக்கொள்ளலாம். தங்கை படுத்துக்கொண்டு நாள் முழுக்க அதைத்தான் பார்ப்பாள். கேட்காது என்று தெரிந்தும் பேசுவாள். அந்தப் படங்களை எல்லாம் அனுப்புவது எங்கள் இரும்பு மெஷினில் ஓர் ஓரத்தில் குடியிருக்கும் குட்டி வி.எம். அதற்கு எந்தத் துண்டும் கிடையாது.

"அக்கா, நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கண் கட்டை எடுக்கப் போறாங்களாம். நர்ஸ் போன் பண்ணிச் சொன்னாங்க," என்றாள் தங்கை, ஒரு சாயங்காலம். குரல் இருமலில் தேய்ந்திருந்தது. "படம் நின்னு நின்னு வருதுக்கா. நாளைக்கு மட்டும் நிக்காம பார்த்துக்கோ. அவ முதல்ல கண்ணைத் திறக்கறப்ப நான் பார்க்கணும்."

"என் வேலையே அதுதான்டி, பார்த்துக்கறேன்," என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

மறுநாள் காலையில்தான் மின்னலின் அரங்கேற்றமும். ஆஸ்பத்திரியின் நிர்வாகக் குழு முழுவதும் இரண்டாவது மாடிக் கூட்ட அறையில் கூடுகிறது, டைரக்டர் மேடத்தின் மெஷின் பறப்பதைப் பார்ப்பதற்கு. அவர்கள் முன்னால் பச்சை குறைந்துவிடக் கூடாது என்று, விடிந்ததும் மின்னல் வந்து, ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து இருக்கிற புள்ளிவிவரம் அத்தனையையும் அந்த வி.எம்.மில் ஏற்றி வைத்திருந்தார். இது எனக்குத் தெரியாது. நான் வந்ததும் குட்டி வி.எம்.மைப் பார்த்தேன், மூச்சு இருந்தது. அதன் பக்கத்திலேயே காவலுக்கு உட்காருவது போல உட்கார்ந்தேன். அது ஓடுகிறதா என்று பார்த்தேனே தவிர, படத்தைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

பத்தரைக்குத் தங்கை கூப்பிட்டாள்.

"அக்கா, பாப்பா அசையவே மாட்டேங்கறா."

அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"ரொம்ப நேரமா பார்த்துட்டே இருக்கேன்க்கா. கட்டும் எடுக்கலை. நெஞ்சு மேலயும் கீழயும் போகும் இல்ல, அதுவும் போகலை. வார்டு போனை யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க."

என் திரையில் அந்தப் படத்தைப் போட்டேன். கண்ணில் கட்டோடு குழந்தை, கல்லில் செதுக்கியது போல. படத்தின் மூலையில் மணி ஓடும். அது ஒன்பதே முக்காலில் நின்றிருந்தது. பெற்றவள் குழந்தையின் நெஞ்சைப் பார்ப்பாளா, மூலையில் மணியைப் பார்ப்பாளா? எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் மணி கண்ணில் பட்டது.

தங்கையை லைனில் நிறுத்தி வைத்துவிட்டு, உள் போனில் வார்டைக் கூப்பிட்டேன். நல்ல வேளை, தலைமை நர்ஸே எடுத்தார்.

"பாப்பாவா, சூப்பரா இருக்கா," என்றார். "கட்டு எடுத்தாச்சு. முழிச்சு முழிச்சு சுத்திப் பார்க்கறா. உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க." பின்னால் ஏதோ ஒரு மணி அடித்தது, வைத்துவிட்டார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. தங்கையிடம் திரும்பினேன்.

"பாப்பா நல்லா இருக்காடி. இப்பத்தான் நர்ஸ்கிட்ட பேசினேன். படம்தான் நின்னுபோச்சு."

அவள் பெருமூச்சு விட்டது போனில் காற்றாக அடித்தது. அப்புறம் இருமினாள். "கட்டு எடுத்துட்டாங்களா?"

எடுத்துவிட்டார்கள், கண்ணைத் திறந்துவிட்டாள், இதோ இந்த நிமிஷம் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நீதான் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரத்துல எடுப்பாங்களாம். அதுக்குள்ள படத்தைச் சரி பண்றேன், வை."

இரும்பு மெஷினுக்குள் போய்ப் பார்த்தால், அங்கே கொடுமையாக இருந்தது. டைரக்டர் வி.எம். ஊதிப் பெருத்து நடுக்கூடத்தில் கிடந்தது. மெமரி இல்லாமல் மற்றவர்களின் சாமான்களை எல்லாம் மெஷின் ஹார்டு டிஸ்கில், அதாவது தெருவில், தூக்கிப் போட்டிருந்தது. குட்டி வி.எம். தன் சாமான் ஒவ்வொன்றுக்கும் தெருவுக்கு ஓடி ஓடி வந்துகொண்டிருந்தது. ஆனால் டைரக்டர் வி.எம். ஏன் நடுக்கூடத்தில் கிடக்க வேண்டும்? அதற்கென்று முக்கால்வாசி வீட்டைப் பிடித்து வைத்திருக்கிறோமே.

பெரிய பக்கங்களின் கணக்கைக் கேட்டேன். மெஷின் இரண்டு எண்களைச் சொல்லும்: மொத்தம் எத்தனை, அதில் காலியாக இருப்பது எத்தனை. இரண்டும் ஒரே எண்.

இன்னொரு தடவை கேட்டேன். அதே எண். துண்டு போட்ட சீட்டுகளில் ஓர் ஈ, காக்கைகூட உட்கார்ந்ததில்லை. அன்றில்லை, முந்தின நாளில்லை, முதல் நாளிலிருந்தே இல்லை. டைரக்டர் மேடம் பறக்கிறது என்ற அன்று, கணக்குப் பிரிவு பறக்கிறது என்ற அன்று, எலும்பு டாக்டர் லிஃப்டில் பூரித்த அன்று, அந்த மெஷின் பழைய இடத்தில் பழைய சின்னப் பக்கங்களில் உட்கார்ந்து பழைய வேகத்தைத் தாண்டாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. முக்கால்வாசி வீடு பூட்டிக் கிடக்க, எல்லாக் குடித்தனமும் சமையலறையில் நெருக்கியடித்துக் கிடந்திருக்கிறது.

"பேக்கப், இங்க வந்து பாருங்க."

அவர் பார்த்தார். இரண்டு எண்களையும் விரல் வைத்துப் படித்தார். "இதை நான் பார்க்கலை," என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

மாடிப்படி ஏறினேன். கூட்ட அறை வாசலில் மின்னல் டையைச் சரிசெய்துகொண்டு நின்றிருந்தார். உள்ளே நிர்வாகக் குழுவினர் பிஸ்கட் தட்டைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். சுவரில் முதல் ஸ்லைடு: 'பெரிய பக்கங்கள், பெரிய பாய்ச்சல்.'

"சார், அந்தப் பெரிய பக்கங்கள்ல ஒண்ணுகூட யூஸ் ஆகலை. எல்லாம் காலியா இருக்கு."

"நல்லதுதானேம்மா," என்றார், கதவுக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தபடி. "இன்னும் வளர இடம் இருக்குன்னு அர்த்தம்."

"இல்ல சார். டைரக்டர் மெஷின் அதுல உட்காரவே இல்லை. நீங்க அன்னைக்கு டிக் போட்டப்புறம் அதை முழுசா அணைச்சுப் போட்டீங்களா, இல்ல உள்ளேர்ந்து ரீஸ்டார்ட் குடுத்தீங்களா?"

"ரீஸ்டார்ட் குடுத்தேன். ரெண்டும் ஒண்ணுதானே."

இரண்டும் ஒன்றில்லை. உள்ளேயிருந்து ரீஸ்டார்ட் செய்வது குடித்தனக்காரர் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருப்பது. எழுந்த பிறகும் அதே வீடுதான். முழுக்க அணைத்துப் போட்டால்தான் வீடு மாறும், டிக் போட்டது செல்லும். இதைச் சொன்னேன். மின்னலின் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. புரிந்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

"அப்போ அந்த வேகம்?" என்றார். "எல்லாரும் சொன்னாங்களே. டைரக்டர் மேடமே பறக்குதுன்னாங்களே. மேடம் பொய் சொல்லுவாங்களா?"

"சார், அதை விடுங்க. பிடிச்சு வெச்ச இடத்தை விட்டுக் குடுத்துடலாம். ஒரே ஒரு வரி. எதையும் நிறுத்த வேண்டாம், யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. மத்த மெஷின் எல்லாம் மூச்சு முட்டிக் கிடக்கு."

"இன்னைக்கு எதையும் தொடாதீங்க."

"சார்..."

"ஸ்லைடுல போட்டிருக்கும்மா. அதை எடுத்துட்டு நான் உள்ள போய்ப் பேசினா பொய் ஆயிடாதா?"

"இப்பவும் பொய்தான் சார்."

அவர் முறைத்தார். என் ஒப்பந்தத்தை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கிற கையெழுத்து அவருடையது. அது இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. நான் குரலை இறக்கிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது, அவ்வளவு இறக்கினேன்.

"சார், என் தங்கச்சி குழந்தை மூணாவது மாடியில இருக்கு. இன்னைக்குத்தான் கண் கட்டை எடுத்தாங்க. அவ அம்மா இன்னும் அதோட கண்ணைப் பார்த்ததில்லை. கேமரா நின்னுபோய்க் கிடக்கு."

"அடடா. குழந்தை நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கா சார்."

"அப்புறம் என்னம்மா," என்றார் மின்னல், ரொம்பக் கனிவாக. "படம்தானே. சாயங்காலம் பார்த்துக்கலாம்."

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

படியிறங்கி வரும்போது எனக்கு வந்த கோபத்துக்கு அந்த லிஃப்ட் மோட்டாரையே கையால் சுற்றியிருப்பேன். யாரும் வராத பந்திக்கு இலை போட்டு வைத்துவிட்டு, பசியோடு நிற்கிறவர்களைப் பார்த்து, சாப்பாடுதானே, சாயங்காலம் ஆகட்டும் என்கிறார். அதுவும் கனிவாக. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை அடித்தேன். பிடித்து வைத்த பக்கங்களின் எண்ணிக்கை பூஜ்யம்.

"அதுக்கு ஒப்புதல் இருக்கா?" என்றார் பேக்கப், தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இருக்கு."

"யாரோடது?"

"என் தங்கச்சியோடது."

என்டர் தட்டினேன். வானம் இடிந்து விழவில்லை. பூட்டிக் கிடந்த முக்கால்வாசி வீடும் சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது. தெருவில் கிடந்த சாமான்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. பரிசோதனைக்கூடம் நிமிர்ந்தது, கேன்டீன் நிமிர்ந்தது. குட்டி வி.எம். மட்டும் திக்குமுக்காடிப் போயிருந்ததால் அதை ஒரு தடவை முழுக்க அணைத்துப் போட வேண்டியிருந்தது. அது எழுந்து வருகிற வரையில் நான் திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

படம் வந்தது. மூலையில் மணி ஓடியது. கட்டு இல்லாத முகம். கண் மூடியிருந்தது, பார்த்துப் பார்த்துக் களைத்துத் தூங்கிவிட்டாள். நெஞ்சு மேலும் கீழும் போய்வந்தது. மூக்கு எங்கள் அப்பாவின் மூக்கு, பாவம், பெண் குழந்தை.

"வந்துடுச்சுக்கா," என்றாள் தங்கை போனில். "கட்டை எடுத்துட்டாங்க. தூங்கறாக்கா. இன்னும் கண்ணைத் திறக்கலை போல. நான் வைக்கறேன், அவளைப் பார்க்கணும்."

மாடியில் மின்னலின் அரங்கேற்றம் அமோகமாக நடந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். டைரக்டர் மேடம் தன் கையாலேயே பொத்தானைத் தட்ட, படங்கள் மடமடவென்று வந்து விழுந்தனவாம். அது உண்மையாகத்தான் இருக்கும். அவர் மெஷினும் அத்தனை நாளும் நெருக்கடியில்தானே கிடந்தது. அன்றுதான் அதற்கும் கை காலை நீட்ட இடம் கிடைத்தது. நிர்வாகக் குழு வாயைப் பிளக்க, மின்னல் சுவரைக் காட்டி, இதற்கெல்லாம் காரணம் பெரிய பக்கங்கள் என்றாராம். அந்த நேரத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த பெரிய பக்கங்களின் எண்ணிக்கையை நான் மேலே சொல்லியிருக்கிறேன்.

மத்தியானம் அவரே கீழே இறங்கி வந்தார். முகமெல்லாம் பல்.

"பார்த்தீங்களாம்மா, எதையும் தொடாம விட்டதால எவ்வளவு நல்லா போச்சு?"

"ஆமா சார்."

"கேமராவும் தானா சரியாயிடுச்சாமே. நீங்கதான் சும்மா பதறிட்டீங்க." கை நீட்டி என் தோளுக்கு அருகில் காற்றைத் தட்டிக் கொடுத்தார். "அடுத்து லேப், மருந்தகம் எல்லாத்துக்கும் இதையே போட்டுடலாம். நிர்வாகக் குழுவே சொல்லிடுச்சு."

"போட்டுடலாம் சார்," என்றேன். ஒழுங்காகப் போட எனக்குத் தெரியும். அளவாகப் பிடித்து, முழுக்க அணைத்து, உட்கார வைத்து. ஆனால் அவர் கேட்டது அதையல்ல, பறக்கிறது என்று யாராவது சொல்வதை. அதற்கு நான் தேவையில்லை. பேக்கப் தன் நாற்காலியிலிருந்து எழுந்து, ரொம்பப் பிரமாதம் சார் என்று கை கொடுத்தார்.

சாயங்காலம் கூட்ட அறையில் பாராட்டு விழா என்று எல்லாரையும் கூப்பிட்டார்கள். பேக்கப் முதல் ஆளாகப் போனார். நான் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தங்கை கூப்பிட்டாள்.

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நடுவில் இருமல் வேறு.

"திறந்துட்டாக்கா. கண்ணைத் திறந்துட்டா. நேரா என்னைப் பார்த்தாக்கா. கறுகறுன்னு, இவ்வளவு பெருசு. காலைலேர்ந்து கட்டு இல்லாமதானே தூங்கிட்டு இருந்தா, திறக்கவே இல்லை பாரு. நான் பார்க்கணும்னு காத்துட்டு இருந்திருக்கா."

ஆஸ்பத்திரி முழுக்க, இல்லாததை இருக்கிறது என்று நம்பிப் பூரித்தவர்களை எல்லாம் நான் அன்று பூராவும் மனசுக்குள் கிழித்துத் தொங்கவிட்டிருந்தேன். எண்ணைப் பார்க்கக் கூடாதா, கேட்கக் கூடாதா என்று. இப்போது என் தங்கை பூரித்துக்கொண்டிருக்கிறாள். எண் என் கையில் இருக்கிறது.

"ஆமாடி," என்றேன். "உனக்காகத்தான் காத்துட்டு இருந்தா. அவளுக்குத் தெரியாதா?"

அவள் வைத்த பிறகு உள் போனை எடுத்தேன். அவளுக்கு நாளையோ மறுநாளோ இருமல் நிற்கும், வார்டுக்கு வருவாள், நர்ஸோடு பேசுவாள். தலைமை நர்ஸிடம் விஷயத்தைச் சொன்னேன். காலையில் படம் நின்றுபோயிருந்தது, தங்கை எதையும் பார்க்கவில்லை, சாயங்காலம்தான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும், காலையில் கண் திறந்ததை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

"அவங்க பார்க்கலையா?" என்றார் நர்ஸ். "கட்டை எடுத்ததும் பாப்பாவை கேமராவுக்கு நேரா தூக்கிப் பிடிச்சேனேம்மா. அம்மா பார்க்கறாங்க பாரு, அம்மா பார்க்கறாங்க பாருன்னு சொல்லிட்டே நின்னேன். அதுவும் அதையே பார்த்துட்டு இருந்துச்சு."

பிறகு அவரே, சொல்ல மாட்டேன், கவலைப்படாதீங்க என்று சொல்லி வைத்தார். இரண்டாவது மாடியில் மின்னலுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.